5 புதுத் தொடர்களில் 4 பழைய வீட்டுப் பிள்ளைகள்: சிபிஎஸ் சேனலின் புது சீசன் தேறுமா?

2000ஆம் ஆண்டு அக்டோபர் 6, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் சிபிஎஸ் சேனல் அன்று இரவு இரண்டு புதுத் தொடர்களை அடுத்தடுத்து இறக்கியது.

முதலாவது 'தி ஃப்யூஜிட்டிவ்'. 1960களில் சக்கைப்போடு போட்ட தொடரின் ரீமேக். அதே கதை 1993இல் ஹாரிசன் ஃபோர்டு நடித்த சினிமாவாகவும் வந்து ஓடியிருந்தது. தெரிந்த பெயர், தெரிந்த கதை. சேனல் பெரிதாக நம்பியது அதைத்தான்.

இரண்டாவது, லாஸ் வேகாஸில் கைரேகையையும் ரத்தத் துளியையும் வைத்துக் கொலைகாரனைக் கண்டுபிடிக்கும் தடயவியல் குழுவின் கதை: 'சிஎஸ்ஐ'. பட்டியலில் கடைசி நேரத்தில் நுழைந்த தொடர். கூட்டுத் தயாரிப்பாளராக இருந்த டிஸ்னியின் டச்ஸ்டோன் நிறுவனம்கூட, ஒளிபரப்புக்கு முன்பே கழன்றுகொண்டது.

முடிவு என்ன ஆச்சு? 'ஃப்யூஜிட்டிவ்' ஒரே சீசனோடு மூட்டை கட்டியது. 'சிஎஸ்ஐ' 15 சீசன் ஓடியது. மயாமி, நியூயார்க் என்று கிளைகளும் விட்டது.

சேனலை நடத்துபவர்களுக்கே கணிக்க முடியாத விஷயம் இது. இப்போது அதே சிபிஎஸ், 2025-26 சீசனுக்கான புதுத் தொடர்களோடு வருகிறது. டிரெய்லர்கள் வந்துவிட்டன. 'செம'ன்னு ஒரு கூட்டம், 'மறுபடியும் போலீஸ் கதையா'ன்னு இன்னொரு கூட்டம். டிரெய்லரைத் தள்ளிவைத்துவிட்டு, ஒரு சேனலின் புது சீசனை எப்படித்தான் எடை போடுவது?

என்னென்ன வருகிறது?

கதைத் தொடர்கள் மொத்தம் 5.

- டிஎம்வி (அக்டோபர் 13): ஈஸ்ட் ஹாலிவுட்டில் உள்ள வாகனப் பதிவு அலுவலகத்தில் நடக்கும் காமெடி. நம்மூர் ஆர்டிஓ ஆபீஸ் மாதிரி ஓர் இடம்.
- ஷெரிஃப் கன்ட்ரி (அக்டோபர் 17): 'ஃபயர் கன்ட்ரி' தொடரின் கிளை. சிறு நகரத்து பெண் ஷெரிஃபாக மொரேனா பக்காரின்.
- பாஸ்டன் ப்ளூ (அக்டோபர் 17): 'ப்ளூ ப்ளட்ஸ்' தொடரின் டேனி ரீகன், நியூயார்க்கை விட்டு பாஸ்டன் போலீஸுக்குப் போகிறார்.
- சிஐஏ (சீசனின் நடுவில்): 'எஃப்பிஐ' தொடரின் கிளை. 'லூசிஃபர்' புகழ் டாம் எல்லிஸ் நடிக்கிறார்.
- ஒய்: மார்ஷல்ஸ் (சீசனின் நடுவில்): 'யெல்லோஸ்டோன்' தொடரின் கேசி டட்டன் இதில் யு.எஸ். மார்ஷல்.

ரியாலிட்டி பக்கம் கன்ட்ரி இசைக் கலைஞர்களின் பஸ் பயணமான 'தி ரோடு' அக்டோபர் 19இல் வருகிறது. சென்னையில் பிறந்த பத்மா லட்சுமி தொகுத்து வழங்கும் சமையல் போட்டியான 'அமெரிக்காஸ் கலினரி கப்' பின்னால் வருகிறது. 2023இல் 'டாப் செஃப்' நிகழ்ச்சியை விட்டு விலகிய பத்மாவுக்கு இது பெரிய சேனலில் புது ஆட்டம்.

கதைத் தொடர்களை மட்டும் எண்ணுங்கள். 5இல் 4, ஏற்கெனவே ஓடிய தொடரிலிருந்து கிளைத்தவை. இதைத்தான் 'ஸ்பின்-ஆஃப்' என்கிறார்கள். 'டிஎம்வி' மட்டுமே புது இடம், புது மனிதர்கள். அதற்கும் ஒரு சிறுகதைதான் மூலம்.

டிரெய்லர் ஏன் ஏமாற்றும்?

ஒரு தொடரின் முதல் எபிசோடுக்கு, அதாவது பைலட்டுக்கு, மற்ற எபிசோடுகளைவிட அதிகப் பணமும் நேரமும் கிடைக்கும். அதிலிருந்து நல்ல காட்சிகளை எல்லாம் பொறுக்கிக் கோத்தால் எதுவுமே நன்றாகத்தான் தெரியும்.

ஆனால், சேனல் டிவி தொடர் என்பது எட்டு எபிசோடு வெப் சீரிஸ் கிடையாது. முதலில் 13 எபிசோடு, ஓடினால் இன்னும் 9 சேர்த்து 22 என்பது இந்தத் துறையின் பழைய கணக்கு. இப்போது எண்ணிக்கை குறைந்திருந்தாலும், வாரா வாரம் வந்தாக வேண்டும் என்பது மாறவில்லை. ஆகவே 'முதல் எபிசோடு எப்படி?' என்று கேட்பதைவிட, வேறு ஐந்து கேள்விகள் கேட்பது பலன் தரும்.

கேள்வி 1: எந்த நேரத்தில் போடுகிறார்கள்?

சேனல் எதை நம்புகிறது என்பதைப் பேட்டிகளைவிட அட்டவணை நேர்மையாகச் சொல்லும்.

வெள்ளிக்கிழமையை எடுத்துக்கொள்வோம். 2024 இலையுதிர் காலத்தில் 8 மணிக்கு 'ஸ்வாட்', 9 மணிக்கு 'ஃபயர் கன்ட்ரி', 10 மணிக்கு 'ப்ளூ ப்ளட்ஸ்' என்று ஓடியது. இந்த ஆண்டு 8 மணிக்கு 'ஷெரிஃப் கன்ட்ரி', 9 மணிக்கு அதே 'ஃபயர் கன்ட்ரி', 10 மணிக்கு 'பாஸ்டன் ப்ளூ'.

கவனித்தீர்களா? நடுத் தூண் அப்படியே நிற்கிறது. அதன் தங்கச்சித் தொடர் முன்னால் வருகிறது. 'ப்ளூ ப்ளட்ஸ்' இருந்த அதே நாற்காலியில், அதே ஹீரோ, வேறு ஊர் யூனிஃபார்மோடு உட்காருகிறார். ரிமோட்டைத் தொடாமலே மூன்று மணி நேரம் ஓட வேண்டும் என்பது திட்டம். பக்கா.

திங்கள்கிழமை 8.30க்கு வரும் 'டிஎம்வி'க்கு முன்னால் ஓடுவது 'தி நெய்பர்ஹுட்'. 2018 முதல் ஓடும் அந்தக் காமெடிக்கு இது எட்டாவது சீசன். கடைசி சீசனும்கூட. போகிறவர் கையைப் பிடித்து வருகிறவரை உள்ளே அனுப்புகிறார்கள். நல்ல அறிமுகம்தான். ஆனால், அடுத்த ஆண்டு பிடித்துக்கொள்ள அந்தக் கை இருக்காது.

கேள்வி 2: பில் யார் கட்டுவது?

'ப்ளூ ப்ளட்ஸ்' தோற்று நிறுத்தப்பட்ட தொடர் இல்லை. 2010இல் தொடங்கி 14 சீசன், 293 எபிசோடு. 2024 டிசம்பரில் முடியும்போதும் அதற்குக் கணிசமான பார்வையாளர்கள் இருந்தார்கள். பிரச்சினை செலவு. தொடர் ஓட ஓட நடிகர்களின் சம்பளம் ஏறும், பழைய ஒப்பந்தங்கள் புதுப்பிக்கப்படும். கடைசி சீசனுக்காக நடிகர்கள் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டதாகவும் அப்போது செய்தி வந்தது.

இப்போது கணக்கு போடுங்கள். டாம் செல்லக் உள்ளிட்ட பெரிய குடும்பத்தை அனுப்பிவிட்டு, டானி வால்பெர்க்கை மட்டும் தக்கவைத்துக்கொண்டால் பார்வையாளர்களில் பெரும்பகுதி கூடவே வரும். செலவு மறுபடி முதல் சீசன் செலவு. துறையின் மொழியில் இதற்கு ஆயிரம் பெயர் சொல்லலாம். உண்மையில் இது மீட்டரை ஜீரோவுக்குத் திருப்பும் வேலை.

இதே ஆண்டு 'எஃப்பிஐ: மோஸ்ட் வான்டட்', 'எஃப்பிஐ: இன்டர்நேஷனல்' இரண்டும் நிறுத்தப்பட்டன. அதே குடும்பத்திலிருந்து 'சிஐஏ' வருகிறது. குயின் லத்தீஃபா நடித்த 'தி ஈக்வலைசர்' முடிந்தது. சோனி நிறுவனத்தின் பங்கு இருந்த 'ஸ்வாட்' தொடரும் முடிந்தது. புதிதாக வருபவற்றில் பெரும்பாலானவற்றில் சிபிஎஸ் ஸ்டுடியோஸோ தாய் நிறுவனமான பாரமவுன்ட்டின் வேறு பிரிவோ இருக்கிறது. அமெரிக்க டிவியில் இது முக்கியம். சொந்தத் தயாரிப்பு என்றால் விளம்பர வருமானம் குறைந்தாலும் வெளிநாட்டு உரிமை, ஸ்ட்ரீமிங் உரிமை என்று பணம் உள்ளேயே சுற்றும்.

ஆகவே ஒரு புதுத் தொடர் அடுத்த சீசனுக்குத் தேறுமா என்று பார்க்க ரேட்டிங் மட்டும் போதாது. அது யாருடைய சொத்து என்றும் பார்க்க வேண்டும்.

கேள்வி 3: ஏழாவது எபிசோடில் என்ன கதை?

முதல் எபிசோடில் எல்லோருக்கும் ஒரு கதை இருக்கும். ஏழாவதில்தான் தொடரின் இன்ஜின் தெரியும்.

'ஷெரிஃப் கன்ட்ரி'க்கு அந்த இன்ஜின் இருக்கிறது. நாயகி மிக்கி ஃபாக்ஸ் சட்டத்தைக் காப்பவர். அவருடைய அப்பா ஜெயிலுக்குப் போய் வந்தவர். மகள் சொல் பேச்சு கேட்காதவர். வாரம் ஒரு வழக்கும் நடக்கும், வீட்டுச் சண்டையும் நடக்கும். இந்தக் கதாபாத்திரத்தை 2024 ஏப்ரலில் 'ஃபயர் கன்ட்ரி'யின் ஓர் எபிசோடில் இறக்கி ஏற்கெனவே ஆழம் பார்த்துவிட்டார்கள். தனி பைலட்டுக்கான செலவு மிச்சம், ரிசல்ட்டும் கையில்.

'பாஸ்டன் ப்ளூ'வில் சிக்கல் வேறு. 'ப்ளூ ப்ளட்ஸ்' ரசிகர்கள் வந்தது துப்பறிவதற்காக மட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நான்கு தலைமுறையும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே சண்டை போடும் காட்சிதான் அந்தத் தொடரின் உயிர். டேனி ரீகனை மட்டும் பிடுங்கி நட்டால் அந்த மேஜை கூட வராது. அதனால்தான் சொனேகா மார்ட்டின்-க்ரீன் நடிக்கும் புதுப் பார்ட்னர் லீனா சில்வருக்கும் சட்டம்-ஒழுங்குத் துறையிலேயே ஊறிய ஒரு பெரிய குடும்பத்தைக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் குடும்பம் மனதில் ஒட்டினால் தொடர் நிற்கும். ஒட்டாவிட்டால், சொந்த வீட்டை விட்டு விருந்தாளியாக வந்த ஒருத்தரின் கதையாகவே அது இருக்கும்.

'டிஎம்வி'யின் இன்ஜின் எளிமையானது. வரிசை, டோக்கன், எரிச்சலோடு வரும் பொதுஜனம், சம்பளம் போதாத ஊழியர்கள். அரசு அலுவலகத்தில் அரை நாள் லீவு போட்டு நின்ற யாருக்கும் விளக்கம் தேவையில்லை. தினமும் கதவைத் திறந்தால் புதுக் கதை உள்ளே வரும். பேப்பரில் பார்த்தால், ஐந்தில் அதிக நாள் ஓடக்கூடிய ஐடியா இதுதான்.

கேள்வி 4: பார்க்கிறவர் எங்கே இருக்கிறார்?

2025 மே மாதம் அமெரிக்க டிவி வரலாற்றில் ஒரு கோடு. நீல்சன் நிறுவனக் கணக்குப்படி, அந்த மாதம் டிவி பார்த்த நேரத்தில் ஸ்ட்ரீமிங்கின் பங்கு 44.8 சதவீதம். சிபிஎஸ் போன்ற ஒளிபரப்பு சேனல்கள் 20.1, கேபிள் சேனல்கள் 24.1. இரண்டையும் கூட்டினாலும் ஸ்ட்ரீமிங்கை எட்டவில்லை. இப்படி நடந்தது அதுதான் முதல்முறை.

அதிகம் பேர் பார்க்கும் சேனல் என்ற பட்டம் 17 சீசனாகத் தொடர்ந்து தன்னிடம் இருப்பதாக சிபிஎஸ் சொல்கிறது. ஆனால், சுருங்கும் குளத்தில் பெரிய மீனாக இருப்பது எத்தனை நாளைக்கு? ஸ்பின்-ஆஃப் மேல் இத்தனை ஆசை வருவதற்கு இதுவும் காரணம். ஆயிரம் தொடர்கள் கொட்டிக் கிடக்கும் காலத்தில் புதுப் பெயரை மக்கள் மனதில் பதிய வைக்க விளம்பரத்துக்கே பெருந்தொகை வேண்டும். 'யெல்லோஸ்டோன்' என்ற பெயருக்கு அது தேவையில்லை. 2023இல் எழுத்தாளர்கள், நடிகர்கள் ஸ்டிரைக்கால் புதுத் தொடர்கள் இல்லாதபோது, 'யெல்லோஸ்டோன்' பழைய எபிசோடுகளைத்தான் சிபிஎஸ் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டியது. அந்தக் கூட்டம் இங்கே வரும் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

இன்னொரு விஷயம். இந்த சீசனிலிருந்து நீல்சன் அளக்கும் முறையே மாறுகிறது. இதுவரை தேர்ந்தெடுத்த வீடுகளில் வைத்த கருவிகள்தான் அடிப்படை. இனி கோடிக்கணக்கான செட்டாப் பாக்ஸ், ஸ்மார்ட் டிவி தரவுகளும் அதோடு சேரும். ஆகவே நவம்பரில் 'போன வருஷத்தைவிட ரேட்டிங் ஏறிடுச்சு' என்று ஒரு போஸ்டர் வந்தால் உடனே ஷேர் பண்ண வேண்டாம். தராசு மாறியிருக்கிறது. ஏறியது எடையா, தராசா என்று பார்க்க வேண்டும்.

கேள்வி 5: பத்து வருஷம் கழித்து என்ன மிஞ்சும்?

முதல் நான்கு கேள்விகளிலும் சிபிஎஸ் நல்ல மார்க் வாங்கிவிடும். இடறுவது இங்கேதான்.

சிபிஎஸ் இன்று அறுவடை செய்யும் மரங்கள் எப்போது நடப்பட்டவை? 'என்சிஐஎஸ்' குடும்பத்தின் வேர் 1995இல் வந்த 'ஜேக்'. அதிலிருந்து 2003இல் 'என்சிஐஎஸ்', அதிலிருந்து இன்று செவ்வாய்க்கிழமை முழுக்க மூன்று தொடர்கள். 2007இல் வந்த 'தி பிக் பேங் தியரி'யிலிருந்து 2017இல் 'யங் ஷெல்டன்', அதிலிருந்து 2024இல் 'ஜார்ஜி அண்ட் மேண்டிஸ் ஃபர்ஸ்ட் மேரேஜ்'. ஒவ்வொரு சங்கிலியின் முதல் கண்ணியும், யாருக்கும் முன்பின் தெரியாத ஒரு கதை.

'பிக் பேங் தியரி' முதல் முயற்சியிலேயே வந்துவிடவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2006இல் எடுத்த பைலட் சரியாக வரவில்லை. பென்னி என்ற கதாபாத்திரமே அதில் கிடையாது. சிபிஎஸ் தூக்கிப் போட்டிருக்கலாம். இன்னொரு முறை எடுக்க வாய்ப்பு கொடுத்தது. அந்த இரண்டாவது வாய்ப்பு 12 சீசன், 279 எபிசோடாக வளர்ந்தது.

ஸ்பின்-ஆஃப் என்றாலே மட்டம் என்று சொல்ல வரவில்லை. 'ஃப்ரேசியர்' ஸ்பின்-ஆஃப்தான், 'என்சிஐஎஸ்' கூட ஸ்பின்-ஆஃப்தான். நன்றாக வந்தவற்றில் ஒரு பொது குணம் உண்டு: அவை அம்மா வீட்டின் ஜெராக்ஸாக இருக்கவில்லை. ஸ்டுடியோ சிரிப்பொலியோடு ஓடிய 'பிக் பேங்'கிலிருந்து வந்த 'யங் ஷெல்டன்', சிரிப்பொலியே இல்லாத குடும்பக் கதையானது. கோர்ட் கதையான 'தி குட் வைஃப்'பில் வந்த எல்ஸ்பெத், தன் தொடரில் கொலைகாரன் யாரென்று முதலிலேயே காட்டிவிட்டு அவனை மடக்கும் துப்பறிவாளர் ஆனார். மாறாக, அதே மாவை வேறு தட்டில் ஊற்றிய 'சிஎஸ்ஐ: சைபர்' இரண்டு சீசனில் முடிந்தது. 'ஃப்ரெண்ட்ஸ்' முடிந்த சூட்டில் என்பிசி இறக்கிய 'ஜோயி'க்கும் இரண்டு சீசன்தான்.

சிக்கல் விகிதத்தில் இருக்கிறது. ஐந்தில் இரண்டு ஸ்பின்-ஆஃப் என்றால் அது பாதுகாப்பு. ஐந்தில் நான்கு என்றால் அது விதைநெல்லை எடுத்துச் சோறு பொங்குவது. இந்த வருஷம் பசி தீரும். 2035இல் ஸ்பின்-ஆஃப் எடுக்கக்கூட ஒரு மூலக்கதை இருக்காது.

இதில் அமெரிக்கர்களுக்கு மட்டும் நஷ்டம் இல்லை. இன்று போனில் மறுபடி மறுபடி ஓட்டிப் பார்க்கும் 'ஃப்ரெண்ட்ஸ்', 'லாஸ்ட்', 'கிரேஸ் அனாட்டமி', 'பிக் பேங் தியரி' எல்லாமே இப்படிப்பட்ட 'பழைய' டிவி சேனல்களில் பிறந்தவைதான். அந்த நாற்றங்கால் காய்ந்தால், வருடம் 20 எபிசோடு எழுதி எழுதியே தேறும் புது எழுத்தாளர்களின் பயிற்சிக் களமும் சேர்ந்து காயும்.

புது முதலாளி என்ன செய்வார்?

பாரமவுன்ட்டும் டேவிட் எலிசனின் ஸ்கைடான்ஸ் நிறுவனமும் 2025 ஆகஸ்ட் 7இல் இணைந்தன. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், ஸ்டீபன் கோல்பேரின் 'தி லேட் ஷோ' 2026 மே மாதத்தோடு முடியும் என்று சிபிஎஸ் அறிவித்தது. பணக் காரணம் மட்டுமே என்றது சேனல். அரசியல் காரணமும் இருக்கிறது என்று விமர்சகர்கள் சந்தேகப்பட்டார்கள்.

இந்த சீசனின் பட்டியல் மே மாதமே அறிவிக்கப்பட்டுவிட்டது. அதாவது, பழைய நிர்வாகம் விதைத்ததைப் புது நிர்வாகம் அறுக்கப் போகிறது. நிர்வாகம் மாறும்போது முதலில் வெட்டுப்படுவது பெரும்பாலும் யாருடைய 'பிராண்டும்' இல்லாத, அப்பா பெயர் போட்டுக்கொள்ள முடியாத தொடர்தான். இந்தப் பட்டியலில் அப்படி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது: 'டிஎம்வி'.

ஆக, தீர்ப்பு?

- ஷெரிஃப் கன்ட்ரி: பட்டியலிலேயே ரிஸ்க் குறைவு. இடமும் நேரமும் துணையும் சரியாக அமைந்திருக்கின்றன.
- பாஸ்டன் ப்ளூ: முதல் வாரக் கூட்டம் நிச்சயம். ஐந்தாவது வாரம் யார் மிச்சம் இருக்கிறார்கள் என்பதே கேள்வி.
- ஒய்: மார்ஷல்ஸ்: பெயரே பாதி வேலையைச் செய்யும். கேபிளில் ரத்தமும் வசவுமாக ஓடிய உலகம், சேனல் டிவி விதிகளுக்குள் சாதுவானால் ரசிகர்கள் ஏற்பார்களா?
- சிஐஏ: இரண்டு 'எஃப்பிஐ' தொடர்களை நிறுத்திவிட்டு மூன்றாவதைக் கொண்டுவருவதால், வித்தியாசத்தை நிரூபிக்கும் பொறுப்பு இதற்குத்தான் அதிகம்.
- டிஎம்வி: உண்மையான ஒரே பந்தயம். காமெடிகள் மெதுவாகத்தான் சூடாகும். என்பிசியில் 1982இல் வந்த 'சியர்ஸ்' முதல் சீசனில் ரேட்டிங் பட்டியலின் அடிமட்டத்தில் கிடந்தது. சேனல் பொறுத்தது, 11 சீசன் ஓடியது. 'ஃப்ரேசியர்' என்ற ஸ்பின்-ஆஃப் பிறந்ததும் அந்தப் பொறுமையால்தான்.

வியாபாரமாகப் பார்த்தால் சிபிஎஸ் போட்டிருப்பது கெட்டிக்காரக் கணக்கு. வெள்ளிக்கிழமை நிறையும், விளம்பரதாரர் சந்தோஷப்படுவார், பட்டம் 18ஆவது சீசனுக்கும் தொடரக்கூடும். ஆனால், அக்டோபர் மாத ரேட்டிங்கை வைத்து இந்த சீசனைத் தீர்ப்பளிக்க முடியாது. நான்கு வாரம் ரேட்டிங் சுமாராக வந்தபிறகும், அப்பா பெயர் இல்லாத அந்த ஒற்றைக் காமெடிக்கு சிபிஎஸ் எத்தனை வாரம் தருகிறது என்று பாருங்கள். 2000ஆம் ஆண்டு அந்த வெள்ளிக்கிழமை இரவு ஜெயித்ததும் பெரிய பெயர் இல்லாத தொடர்தான்.